கவசத்துக்கு நடுவே விளம்பரம்

கேள்வி: தினமும் விளக்கேற்றியதும் கந்த சஷ்டி கவசத்தை மொபைலில் ஓடவிடுவேன். பாதியில் விளம்பரம் வரும். அதைத் தள்ளப்போய் ரீல்ஸில் விழுந்து, நிமிர்ந்தால் முக்கால் மணி நேரம் போயிருக்கும். சாமியை விட்டு விலகிப்போகிறேனோ?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நானும் உங்கள் கட்சிதான் அம்மா. போன மார்கழியில் திருப்பாவை கேட்க எடுத்த போனில் வடிவேலு காமெடி பார்த்து முடித்தவன் நான். (நன்றாகத்தான் இருந்தது, மறைப்பானேன்!)

என் அம்மாவுக்குக் கவசம் மனப்பாடம். தோசைக்கு அரைத்துக்கொண்டே முணுமுணுப்பார். நடுவில் பால்காரரோடு கணக்குப் பேசிவிட்டு, விட்ட வரியிலிருந்து சரியாகத் தொடர்வார். நமக்கு மனப்பாடம் செய்யும் அவசியமே போய்விட்டது. சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் மொபைல் கொண்டுபோக முடியாது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகக் கோயில்கள் எல்லாவற்றிலும் தடை விதிக்கச் சொன்னது. சென்ற முறை வாசலில் போனைக் கொடுத்துவிட்டுப் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் நாலு தடவை கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அதற்கப்புறம்தான் தெற்குக் கோபுரமே கண்ணில் பட்டது.

மதயானையைக்கூட வசப்படுத்தலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று பாடினார் தாயுமானவர். அவர் காலத்தில் ரீல்ஸ் கிடையாது.

கோயில் வாசலில் விற்கும் சின்னக் கவசப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். போன் அடுப்படியில் கிடக்கட்டும். தினம் நாலு வரி போதும். நான் இப்போதுதான் ‘காக்க காக்க’ வரைக்கும் வந்திருக்கிறேன்.