மயக்கத்தில் மனம் எங்கே போகிறது?

மயக்க மருந்து மருத்துவராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் வாசகர்களுக்குப் பதில் அளிக்கிறார்

கேள்வி: அடுத்த வாரம் எனக்கு அறுவை சிகிச்சை. கத்தியைவிட மயக்க மருந்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அந்த நேரத்தில் என் மனம் எங்கே போயிருக்கும்? அதுவும் தூக்கம்தானா? (ஒரு வாசகி)

எங்கேயும் போகாது அம்மா. ஓடுகிறவர் நின்றுவிட்டால், 'ஓட்டம் எங்கே போயிற்று' என்று யாரும் தேடுவதில்லை. மனமும் அப்படி நடந்துகொண்டிருக்கும் ஒரு செயல்தான் என்பது என் கட்சி.

தூக்கம் வேறு, இது வேறு. தூங்குகிறவரைத் தட்டினால் எழுந்துவிடுவார். எழுந்தவர், நன்றாகத் தூங்கினேன் என்றோ, இரவெல்லாம் புரண்டேன் என்றோ சொல்வார். மயக்கத்தில் அந்தக் கணக்கே இல்லை. வெள்ளை வெளேரென்ற புரோபோஃபால் என்ற மயக்க மருந்து கை நரம்பில் ஏறும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வோம். பெரும்பாலானவர்கள் ஐம்பதுவரை போவதில்லை. ஏதோ ஓர் எண்ணின் பாதியில் நாக்கு நின்றுவிடும். மூன்று மணி நேரம் கழித்துக் கண் விழிப்பவர் என்னிடம் கேட்பது, "எப்போது டாக்டர் ஆரம்பிப்பீர்கள்?" பணியில் இருந்த காலமெல்லாம் கேட்டும் எனக்கு அலுக்காத கேள்வி அது.

இவ்வளவுக்கும் மூளை அணைந்து கிடப்பதில்லை. காதில் விழும் ஒலி அப்போதும் உள்ளே போகிறது. ஒலியை வாங்கும் பகுதி சலனமும் காட்டுகிறது. அந்தச் செய்தி மற்றப் பகுதிகளுக்குப் பரவுவதுதான் தடைபடுகிறது. இதில் என்னை உலுக்கும் விஷயம் ஒன்று உண்டு. செனான் என்ற மந்த வாயு எதனுடனும் லேசில் வினைபுரியாது. அதைச் சுவாசித்தாலும் மயக்கம் வரும்! ஒட்டுறவே இல்லாத ஒரு வாயு, 'நான், நான்' என்று நாம் மார்தட்டும் சங்கதியைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறது.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்துக் காட்டினார். அன்றிலிருந்து மனிதர்களை மயக்கத்தில் ஆழ்த்தி வருகிறோம். அது எப்படி வேலை செய்கிறது என்பது இன்றும் முழுதாகப் பிடிபடவில்லை. எப்படிப் பத்திரமாகக் கொடுப்பது என்பது நன்றாகவே பிடிபட்டிருக்கிறது. தைரியமாகப் போய்வாருங்கள். எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்கிறார்களோ, அதை மட்டும் மீறாதீர்கள்.

கேள்வி: மயக்கத்தில் இருப்பவர் உண்மையில் எல்லாவற்றையும் அனுபவித்துவிட்டு, பிறகு மறந்துவிடுகிறாரோ? (தத்துவ மாணவர்)

எங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். பல அறுவை சிகிச்சைகளில் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுப்போம். அதன்பின் நோயாளியால் இமையைக்கூட அசைக்க முடியாது. உள்ளே விழித்திருந்தாலும் எப்படிச் சொல்வார்? 1977இல் டன்ஸ்டால் என்ற மருத்துவர் ஒரு வழி காட்டினார். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை ஒரு கையில் முன்னதாகவே இறுக்கிவிட்டால், தளர்த்தும் மருந்து அந்தக் கைக்குள் இறங்காது. பிறகு நோயாளியின் காதருகே குனிந்து, "நான் பேசுவது கேட்டால் என் விரலை அழுத்துங்கள்" என்று சொல்ல வேண்டியதுதான்.

பலரிடம் அசைவே இருக்காது. சிலர் அழுத்துகிறார்கள். அழுத்தியவரிடம் பிறகு விசாரித்தால், ஒன்றுமே நினைவில்லை என்கிறார்.

விரலை அழுத்திய நேரத்தில் அங்கே ஒருவர் இருந்தாரா, இல்லையா? நினைவில் நிற்காதது அனுபவமே ஆகாது என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். ஹென்றி மோலேசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு 2008இல் இறக்கும்வரை புதிதாக எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. சற்று முன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால், புது ஆளாகப் பார்ப்பார். ஆனாலும் பேசினார், சிரித்தார், விரும்பிக் குறுக்கெழுத்துப் போட்டார். அவருக்கு அனுபவமே இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

கேள்வி: உயிரின் எடை 21 கிராம் என்று நிரூபித்திருக்கிறார்களாமே?

இல்லை. டங்கன் மெக்டூகல் என்ற மருத்துவர் இறக்கும் தறுவாயில் இருந்த ஆறு பேரைத் தராசுக் கட்டிலில் கிடத்தி எடை பார்த்து, 1907இல் வெளியிட்டார். அந்த எண் கிடைத்தது ஒரே ஒருவரிடம். மற்றவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆறில் ஒன்றை வைத்துக்கொண்டு நூறு வருடங்களுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மனம் தனி, உடம்பு தனி என்று பெரியவர்கள் சொன்னது தவறா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

எந்தப் பெரியவர்கள் ஐயா? பெரியவர்களுக்குள்ளேயே அடிதடி நடந்திருக்கிறது. மணிமேகலையில், நிலம், நீர் போன்ற பூதங்களே எல்லாம் என்று வாதிடும் பூதவாதி என்ன சொல்கிறான்? தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடினால் மதுவில் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும் என்கிறான். கண்டது ஒன்றே உண்மை, அனுமானம் செல்லாது என்பதும் அவன் கட்சி. மணிமேகலை சிரித்துவிட்டு, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். வாதத்தில் அவளுக்கே வெற்றி. ஆனால் பூவுக்கும் வெல்லத்துக்கும் அது பதில் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த். மனம் இடத்தை அடைக்காத பொருள், உடம்பு இடத்தை அடைக்கும் பொருள் என்று பிரித்தார். 1643இல் பொஹிமிய இளவரசி எலிசபெத், அப்போது 24 வயது, அவருக்குக் கடிதம் எழுதினாள்: ஒன்றைத் தள்ள வேண்டுமானால் தொட வேண்டும், இடமே இல்லாத மனம் உடம்பைத் தொட்டு அசைப்பது எப்படி? தெகார்த் சுற்றி வளைத்து எழுதிய பதில்கள் அவளுக்குத் திருப்தி தரவில்லை. எனக்கும்தான்.

நான் முக்கால் பங்கு பூதவாதி. மீதிக் கால் பங்கில் இடிக்கிறது. வெல்லம் புளித்தால் போதை ஏன் என்று வேதியியல் சொல்லிவிடும். நரம்பணுக்கள் துடித்தால் வலி ஏன் 'வலிக்க' வேண்டும்? மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சிறுமூளையில். அதில் பெரும் சேதம் வந்தவர் தள்ளாடுவார், நாக்குக் குழறும். ஆனால் உணர்வோடுதான் இருப்பார். ஆகவே எண்ணிக்கையும் விடை அல்ல. 25 வருடங்களுக்குள் மூளையில் உணர்வுக்கான தடயம் துலங்கிவிடும் என்று நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோக், தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் 1998இல் பந்தயம் கட்டினார். 2023இல் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் பாட்டில்களைக் கொடுத்தார்.

கேள்வி: என் தந்தை பல மாதங்களாக நினைவின்றிக் கிடக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதில் அர்த்தம் உண்டா?

பேசுங்கள். விபத்துக்குப் பின் உணர்வற்ற நிலையில் இருந்த 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார் ஏட்ரியன் ஓவன் என்ற மூளை ஆய்வாளர். ஸ்கேனில் அவள் மூளை, நல்ல நிலையில் இருப்பவர் மூளையைப் போலவே ஒளிர்ந்தது. 2006இல் வெளியான ஆய்வு இது. 2010இல் 54 பேரிடம் இதே சோதனையைச் செய்தபோது 5 பேரிடம் பதில் தெரிந்தது. சிறு எண்ணிக்கைதான், பொய் நம்பிக்கை ஊட்ட மாட்டேன். உங்கள் தந்தை அந்த ஐவரைப் போன்றவரா என்று வெளித்தோற்றத்தை வைத்து நானோ, வேறு டாக்டரோ சொல்லிவிட முடியாது. அதனால் வழக்கமாக அவரிடம் எதைப் பேசுவீர்களோ, அதையே பேசுங்கள். மருத்துவச் செலவு, சொத்துத் தகராறு, 'இனி எத்தனை நாளோ' என்ற பேச்சுகளை வராந்தாவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்கும் டாக்டர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். பல நேரங்களில் அவர்கள்தான் கட்டிலருகே நின்று உரக்கப் பேசுகிறவர்கள்.