காயைக் கலைக்கும் முன் எண்ணுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: சமூக மன்றப் போட்டிகள்

கேள்வி: எங்கள் நற்பணிச் செயற்குழு புளோக் கீழ்த்தளத்தில் கேரம் போட்டி நடத்தியது. இறுதியாட்டம் ஒரே கேம். 5 போர்டு (சுற்று) முடிந்தபோது ஸ்கோர் 22–14. அடுத்த போர்டை 22-ல் இருந்தவரே முடித்தார். எதிராளிக்கு 2 காய் மிச்சம். ரெட்டும் (குயின் எனும் சிவப்புக் காய்) அதை உறுதிசெய்யும் ஃபாலோவும் வென்றவருக்கே. நடுவர் 22+2+3=27 என்று எழுதிவிட்டார், கோப்பையும் கொடுத்தாயிற்று. மறுநாள் வாட்ஸ்அப்பில் ஸ்கோர் தாளைப் பார்த்த ஒருவர் கணக்கு தப்பு என்கிறார். என்ன செய்வது? (ஈசூன் வாசகர்)

பதில்: அவர் சொல்வதுதான் சரி. 21 வரைதான் குயினுக்கு 3 புள்ளி. 22-ஐத் தொட்டுவிட்டால் மிச்சக் காய்க்கு மட்டுமே புள்ளி. ஆக ஸ்கோர் 24–14, கேம் முடியவில்லை. வீட்டில் குயினுக்கு 5, கேமுக்கு 29 என்று ஆடிப் பழகியவர்தான் பெரும்பாலும் நடுவர் நாற்காலியிலும் உட்காருகிறார், அதனால்தான் இந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது.

முதலில் அது எத்தனையாவது போர்டு என்று பாருங்கள். 25 புள்ளி அல்லது 8 போர்டு, எது முந்துகிறதோ அதோடு கேம் முடியும் என்பது அனைத்துலக விதி. எட்டாவது போர்டாக இருந்திருந்தால் 24–14 என்றாலும் அவரே வெற்றியாளர். தாளைத் திருத்தி வைத்தால் போதும். உங்களுடையது ஆறாவது. இன்னும் 2 போர்டு பாக்கி. 24-ல் இருப்பவர் அதில் ஒன்றை வென்றாலே குறைந்தது 1 புள்ளி கிடைத்து 25 ஆகிவிடும். 14-ல் இருப்பவர் ஒரே போர்டில் 11 அல்லது 12 எடுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் வென்று மொத்தம் 11 சேர்க்க வேண்டும். 10 மட்டும் சேர்த்தால் 24–24, கூடுதலாக ஒரு போர்டு ஆட வேண்டிவரும். வாய்ப்பு குறைவுதான். ஆனால் “எப்படியும் தோற்றிருப்பார்” என்று முடிவு கட்டும் வேலை குழுவுக்கு இல்லை.

அடுத்து உங்கள் போட்டி அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். பரிசளிப்புக்குப் பிறகு ஆட்சேபம் ஏற்கப்படாது என்று இருந்தால் முடிவு நிற்கும்; தாளில் மட்டும் திருத்தம் எழுதுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் இருவரையும் அழைத்து 24–14-லிருந்து ஏழாவது போர்டைத் தொடங்குங்கள். முதல் அடி ஐந்தாவது போர்டை உடைத்தவருக்கு. கேமை முதலிலிருந்து ஆட வைக்காதீர்கள். நடுவர் செய்த தப்புக்கு ஆட்டக்காரர் சேர்த்த 24 புள்ளி ஏன் போக வேண்டும்? தோற்றவர் “பரவாயில்லை, விடுங்கள்” என்றால், அதைத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறைக்கு: கடைசிக் காய் விழுந்ததும் கை தானாகவே பலகையைக் கூட்டி நடுவில் குவிக்கப் போகும். தகராறில் பாதி அந்த நொடியில்தான் பிறக்கிறது. “கலைக்காதீங்க” என்று நடுவர் உரக்கச் சொல்லி, மிச்சக் காய்களை எண்ணி, எதிராளி தலையாட்டிய பிறகே காயைத் தொட விட வேண்டும். தாளில் கூட்டுத்தொகை மட்டும் எழுதினால் பின்னால் எதையும் சரிபார்க்க முடியாது. போர்டு எண், உடைத்தவர், மிச்சக் காய், குயின் யாருக்கு, புள்ளி, கூட்டுத்தொகை என ஆறு கட்டம் வையுங்கள். போர்டுக்குப் போர்டு இருவரும் சுருக்கொப்பம் இடட்டும். ஒரு போர்டின் புள்ளி 1-க்குக் குறையாது, 12-ஐத் தாண்டாது; அதற்கு வெளியே எது இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். யாராவது 22-ஐத் தொட்டதும் அவர் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுவிட்டால், அதற்குப் பிறகு குயின் கணக்கில் கை தவறாது.

கேள்வி: தொடக்கநிலை 4-ல் படிக்கும் மகள் சதுரங்கப் போட்டியில் வென்றாள். அடுத்த சுற்றுப் பட்டியலில் தோற்றதாக இருக்கிறது. கையெழுத்தும் போட்டுவிட்டாளாம். இனி ஒன்றும் செய்ய முடியாதா? (செங்காங் தாய்)

பதில்: முடியும், ஆனால் உடனே போக வேண்டும். கையெழுத்திட்ட முடிவு தப்பாக இருந்தாலும் நிற்கும் என்கிறது அனைத்துலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் (ஃபிடே) விதி 8.7, கூடவே “நடுவர் வேறு முடிவு செய்தாலொழிய” என்றும் சொல்கிறது. மகளையும் எதிராளியையும் சேர்த்தே நடுவரிடம் அழைத்துப் போங்கள். நகர்த்தல்களைக் குறித்த தாள் இருந்தால் அதுவே சாட்சி. அடுத்த சுற்று ஜோடி போடும் முன் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். ஜோடி போட்ட பின், அந்தச் சுற்று முடிவதற்குள் சொன்னால் அதற்கடுத்த ஜோடியில்தான் திருத்தம் தெரியும். அதையும் தாண்டிவிட்டால் தரப்புள்ளிக் கணக்குக்கு மட்டுமே உதவும்.

அவள் கறுப்பில் ஆடினாளா என்று கேட்டுப் பாருங்கள். வென்ற பிள்ளைகள் “ஒன்று–பூஜ்யம்” என்று ஓடிவந்து சொல்வார்கள்; பட்டியலில் வெள்ளை முதலில் வருவதால் அது எதிராளியின் வெற்றியாகப் பதிவாகிவிடும். காய்களை அடுக்கும் முன் இரு ராஜாக்களையும் பலகையின் நடு நான்கு கட்டங்களில் நிறுத்தப் பழக்குங்கள்: வெள்ளை வென்றால் இரண்டும் வெள்ளைக் கட்டத்தில், கறுப்பு வென்றால் இரண்டும் கறுப்புக் கட்டத்தில். நடுவர் வரும்வரை அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: பூப்பந்து இரட்டையரில் எதிரணி தப்பான பக்கத்திலிருந்து சர்வீஸ் போட்டு 3 புள்ளி எடுத்துவிட்டது. அந்தப் புள்ளிகளை ரத்து செய்யலாமா? (பிடோக் வாசகர்)

பதில்: கூடாது. தவறு தெரிந்த இடத்தில் நிற்கும் பக்கத்தைத் திருத்தலாம்; எடுத்த புள்ளி எடுத்ததுதான். சர்வீஸ் போடும் அணியின் ஸ்கோர் இரட்டைப்படையானால் வலப்பக்கம், ஒற்றைப்படையானால் இடப்பக்கம். 0–0-ல் யார் எங்கே நின்றார்கள் என்பதைத் தாளின் மூலையில் குறித்து வைத்தால் நடுவருக்கு வேலை சுலபம்.

கேள்வி: கேரம் போட்டிக்குச் சிலர் கனமான சொந்த ஸ்ட்ரைக்கர் கொண்டுவருகிறார்கள். அனுமதிக்கலாமா? (ஜூரோங் வெஸ்ட் ஏற்பாட்டாளர்)

பதில்: சொந்த ஸ்ட்ரைக்கரில் தப்பில்லை. விட்டம் 4.13 செ.மீ., எடை 15 கிராம், இவற்றைத் தாண்டக் கூடாது. சமையலறைத் தராசில் நிறுக்காதீர்கள். 1 கிராம் முழு எண்ணாகக் காட்டும் தராசுக்கு 15.4-ம் 15-தான். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கி, பெயர் பதியும் மேசையிலேயே எல்லாருடையதையும் நிறுத்துப் பாருங்கள். ஆட்டம் நடக்கும்போது ஒருவருடையதை மட்டும் எடுத்து நிறுத்தால், எடை சரியாக இருந்தாலும் அவருக்கு மனம் கசந்துவிடும்.