ஒரே டிகாக்‌ஷன்... அண்ணனுக்குத் தூக்கம், எனக்கு விழிப்பு!

கேள்வி: என் வயது 41. மாலை ஆறரை மணிக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடித்தால், இரவு ஒரு மணிவரை கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். என் அண்ணனோ அதே டிகாக்‌ஷனில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் குடித்துவிட்டு, படுத்ததும் குறட்டை விடுகிறார். எனக்கு நரம்புத் தளர்ச்சியா டாக்டர்?

பதில்: முதலில் அந்த வார்த்தையை விடுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்கள் கல்லீரல் கொஞ்சம் நிதானமானது, அவ்வளவுதான்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது நரம்பு செல்களில் போய் உட்கார்ந்தால் தூக்கம் சொக்கும். காபியில் உள்ள காஃபீன் முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிடுகிறது. கல்லீரலில் உள்ள ஒரு நொதிதான் (என்சைம்) காஃபீனைச் சிதைத்து வெளியேற்ற வேண்டும். அந்த நொதியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். ரத்தத்தில் காஃபீன் பாதியாகக் குறைய சராசரியாக 5 மணி நேரம் என்போம். ஆனால் ஆரோக்கியமானவர்களிலேயே ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம், இன்னொருவருக்கு ஒன்பதரை மணி நேரம்கூட ஆகலாம். ஒன்பதரைக்காரர் ஆறரை மணிக்குக் குடித்த காபியில் பாதி, விடியற்காலை நான்கு மணிக்கும் உடம்பில் இருக்கும். கூடப்பிறந்தவர்கள் என்றாலும், அப்பா அம்மாவிடமிருந்து இருவருக்கும் ஒரே மரபணுக்கள் வந்து சேர்வதில்லை.

அண்ணன் சிகரெட் பிடிப்பவரா? புகை இந்த நொதியை முடுக்கிவிடும். காஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வெளியேறும். (இதற்காக யாரும் பற்றவைக்க வேண்டாம்!) சிகரெட்டை விட்டவர்களுக்குப் பழகிய காபியே திடீரென்று படபடப்பைத் தருவதும் இதனால்தான். கர்ப்பத்தின் கடைசி மாதங்கள், கருத்தடை மாத்திரை, சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் எல்லாம் எதிர்த்திசையில், நொதியை மந்தமாக்கும்.

இரண்டு வாரம் மதியத்துக்கு மேல் காபி, டீ இரண்டையும் நிறுத்திப் பாருங்கள். பகலில் நாலைந்து டம்ளர் குடிப்பவரென்றால் படிப்படியாகக் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். அதற்கப்புறமும் தூக்கம் வராமல், படபடப்போ எடை குறைவதோ இருந்தால் மருத்துவரைப் பார்த்து தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

உண்மையில், உங்களைவிட அண்ணனைத்தான் நான் பார்க்க வேண்டும். படுத்ததும் தூங்கிவிட்டார் என்பதாலேயே அது நல்ல தூக்கம் ஆகிவிடாது. குறட்டை நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறாரா என்று அண்ணியிடம் கேளுங்கள். ஆமாம் என்றால், அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.