எலியின் கண்ணைப் பார்க்கவா பிள்ளையைப் படிப்பித்தேன்?

உப்புவெளியிலிருந்து வந்த அந்த அம்மா கதிரையில் இருக்கும் முன்னரே கேட்டுவிட்டார்: "சேர், இவள் டொக்டருக்குப் படிக்க மாட்டாளாம். எலியின்ர கண் ஏன் சிவப்பாயிருக்கு என்று ஆராயப் போறாளாம். இதுக்கா டியூசனுக்கு அனுப்பினனான்?" மகள் உயர்தரம், உயிரியல் பிரிவு. பக்கத்து வீட்டுக் கூண்டில் இருக்கும் வெள்ளைச் சுண்டெலிகளைப் பார்த்துத் தொடங்கிய பைத்தியமாம்.

அன்று நேரம் போதவில்லை. அதனால் எழுதித் தருகிறேன் அம்மா.

அந்தக் கண்ணில் சிவப்பு நிறம் என்று ஒன்றும் இல்லை. கறுப்பைக் கொடுக்கும் மெலனின் இல்லாததால் உள்ளே ஓடும் இரத்தம் தெரிகிறது, அவ்வளவுதான். மெலனின் ஏன் இல்லை என்பதில்தான் சுவாரசியம். ஒரு எலியில், மெலனினை உருவாக்க உதவும் தைரோசினேஸ் என்ற நொதியத்துக்குரிய பரம்பரை அலகு (ஜீன்) பழுது. இன்னொன்றில் அந்த அலகுக்கு ஒரு குறையும் இல்லை. ஓசிஏ2 என்ற வேறோர் அலகு கெட்டிருக்கும். பார்வைக்கு இரண்டும் சிவந்த கண்தான். இரண்டையும் இணைசேர்த்தால் குட்டிகள் கருங்கண்ணோடு பிறக்கும்! தாயிடம் பழுதானதைத் தகப்பனும், தகப்பனிடம் பழுதானதைத் தாயும் ஈடுசெய்துவிடுகின்றன. உங்கள் மகள் இதை என் மேசையில் கிடந்த பழைய கடித உறையின் பின்புறம் கட்டம் போட்டு விளக்கினாள். நான் பாடம் கேட்கும் மாணவனாக இருந்தேன்.

இரண்டு அலகுகளும் எலியின் 7ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) இருக்கின்றன. அவை பெரும்பாலும் சேர்ந்தே கடத்தப்படுகின்றன என்று பிரித்தானிய விஞ்ஞானி ஹால்டேனும் அவருடைய தங்கை நவோமியும் நண்பர் ஸ்பிரண்டும் 1915இல் காட்டினார்கள். அதே ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கு வந்து குடியேறி, 1964இல் புவனேஸ்வரில் காலமானார்.

சரி, இதற்கும் டொக்டருக்கும் என்ன தொடர்பு? இதே இரண்டு அலகுகளில் ஏதாவது ஒன்று மனிதரில் பழுதானால் தோலும் முடியும் வெளிறி, பார்வையும் குறைந்து பிள்ளைகள் பிறக்கிறார்கள். மாணிக்கக் கண் என்று பெயர் வைத்த இன்னொரு வகை எலியில் கண்ணோடு குருதிச் சிறுதட்டுக்களிலும் குறை உண்டு. காயம் பட்டால் இரத்தம் இலகுவில் நிற்காது. மனிதரில் ஹெர்மான்ஸ்கி-புட்லக் என்று டொக்டர்மார் சொல்லும் நோயின் ஒரு வகைக்குக் காரணமும் அந்த எலியில் பழுதான அதே அலகுதான்.

இனி உங்கள் கவலை. திருகோணமலையிலேயே, கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் வீட்டோடு இருந்து படிக்கலாமே என்றீர்கள். அங்கே சித்த மருத்துவம் உண்டு, கணினி விஞ்ஞானம் உண்டு. இவளுக்கு வேண்டியதற்கு வந்தாறுமூலை, யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு என்றுதான் போகவேண்டும். பேராதனை விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கை நிரப்பும்போது மருத்துவத்தை மேலே போடச்சொல்லி வற்புறுத்த வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதுமாக வந்து அனுமதி கிடைத்துவிட்டால், பிறகு மனம் மாறி வெளியே வருவது பெரிய தலையிடி.

வேலை? ஒளிக்காமல் சொல்கிறேன். வெறும் பட்டத்தோடு நின்றால் இலங்கையில் இதற்கு இடம் குறைவு. கலாநிதிப் பட்டம் வரை போகவேண்டும். வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் பலவற்றில் கலாநிதி மாணவருக்கு உதவித்தொகை கிடைக்கும் என்பதால் காணியை விற்கத் தேவையில்லை. ஆனால் ஆங்கிலமும் புள்ளிவிபரவியலும் இப்போதே தொடங்கவேண்டும். புள்ளிவிபரவியலைச் சொன்னதும் பிள்ளை முகத்தைச் சுளித்தாள், பார்த்தீர்கள்தானே?

அப்புறம், அவளிடம் நான் கேட்ட ஒன்று. கண்ணை வெட்டி நுணுக்குக்காட்டியில் வைக்க, முதலில் அந்த எலியைக் கொல்லவேண்டும். இதைச் செய்வாயா என்றேன். பேசாமல் இருந்தாள். முடியாது என்றாலும் குற்றமில்லை. மீன் முட்டையிலும் கணினியிலும் பிறப்புரிமையியல் (பரம்பரை அலகுகள் பற்றிய ஆய்வு) செய்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் வாங்கோ. பதிலை மட்டும் அவளே சொல்லட்டும்.