மூன்று ஆண்டுப் படிப்பு நான்காகும்போது

கேள்வி: என் மகள் மெட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வில் (12ஆம் வகுப்பு) கணிதத்தில் 64 விழுக்காடு பெற்று, கேப்டவுனில் பி.எஸ்சி. படிப்பில் சேரவிருக்கிறாள். மூன்று ஆண்டுப் படிப்புக்கு விண்ணப்பித்தோம். நான்கு ஆண்டு நீட்டிப்புத் திட்டத்தில் இடம் தந்திருக்கிறார்கள். மேல்முறையீடு செய்யலாமா? விடுதி உணவுக்கு, வாரம் முழுவதும் மூன்று வேளை அல்லது வார நாட்களில் மட்டும் இரண்டு வேளை என இரு திட்டங்கள் உள்ளன. தைப்பூசத்துக்கும் புரட்டாசிக்கும் விரதமிருக்கும் குடும்பம் எங்களுடையது. எதை எடுப்பது?
– ஒரு தந்தை, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: மேல்முறையீடு வேண்டாம் என்பதே என் கருத்து. தங்கள் மகளின் 64 விழுக்காடு மெட்ரிக் தேர்வின் ஏழு நிலைகளில் (ஏழே உச்சம்) 5ஆம் நிலை, நல்ல மதிப்பெண்தான். ஆனால் பல துறைகள் அதோடு தேசிய அளவுகோல் தேர்வையும், அதாவது என்.பி.டி.யையும், சேர்த்துப் பார்க்கின்றன. அதில் தேர்ச்சி, தோல்வி என்ற பேச்சே கிடையாது. மாணவர் பல்கலைக்கழகப் பாடத்துக்கு எந்த அளவு ஆயத்தமாக இருக்கிறார் என்பதை அடிப்படை, இடைநிலை, திறன்பெற்ற நிலை என்று மூன்று படிகளில் அது காட்டுகிறது. கால்குலேட்டர் அனுமதிக்கப்படாத அதன் கணிதத் தாளில், பள்ளியில் நன்றாகவே செய்த பிள்ளைகளும் இடைநிலையில் நிற்பதுண்டு.

நீட்டிப்புத் திட்டத்தில் முதலாண்டுக் கணிதமும் அறிவியலும் கூடுதல் பயிற்சி வகுப்புகளோடு நிதானமாக நடத்தப்படுகின்றன. முடிவில் கிடைப்பது அதே பட்டம்தான். மூன்று ஆண்டுப் பிரிவில் பிடிவாதமாக நுழைந்து நுண்கணிதத்தில் தவறிய மாணவர், எப்படியும் நான்காம் ஆண்டையும் அங்கேயே கழிப்பார். அவருடைய மதிப்பெண் பட்டியலில் தோல்வியும் பதிந்திருக்கும். உறவினர் வீட்டு விசேஷங்களில் ‘ஏன் நான்கு வருடம்?’ என்று கேட்பவர்களுக்காக அவள் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றித்தான் தாங்கள் கவலைப்பட வேண்டும். ஓராண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் கூடும். குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்குள் இருந்து என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்னும் அரசின் மாணவர் நிதி உதவியைப் பெறுவீர்களானால், நீட்டிப்புத் திட்டத்தின் எல்லா ஆண்டுகளுக்கும் உதவி நீடிக்குமா, எந்தெந்தப் பாடங்கள் பட்டத்துக்கான கணக்கில் சேரும் என்ற இரண்டையும் பதிவு முடியும் முன்பே நிதி உதவி அலுவலகத்திலும் பாட ஆலோசகரிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, முதலாண்டுக்கு வார நாட்களின் இரண்டு வேளைத் திட்டமே போதும். மூன்று வேளைக்கும் பணம் கட்டிவிட்டு, காலை எட்டு மணி வகுப்புக்கு ஓடும் பிள்ளைகள் காலை உணவைத்தான் முதலில் கைவிடுகிறார்கள். உண்ணாத வேளைக்கு எதுவும் திரும்பக் கிடைக்குமா, ஆண்டின் நடுவில் திட்டத்தை மாற்றலாமா என்பதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். மகள் சமைக்கத் தெரிந்தவளானால், வார இறுதிக்கு ஒரு பை பருப்பும் வீட்டு மசாலாவும் போதும். விடுதியில் பொதுச் சமையலறை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரதம்தான் சற்று நுணுக்கமானது. தைப்பூசம் பெரும்பாலும் சனவரி, பிப்ரவரியில், புது மாணவர் வரவேற்பு வாரங்களை ஒட்டி வருகிறது. உணவுக்கூடத்தில் இன்னும் யாரையும் அறிந்திராத நேரம் அது. புரட்டாசி செப்டம்பர் நடுவில் தொடங்கி, நவம்பர் தேர்வுகளுக்குப் படிக்க வேண்டிய அக்டோபரிலும் தொடர்கிறது. விண்ணப்பத்தில் ‘சைவம்’ என்ற கட்டத்தில் குறியிடுவது மட்டும் போதாது. அவர்கள் சைவம் என்று தருவதில் முட்டை இருக்கலாம். சூப்புக்கு எலும்புச் சாறும், ஜெல்லியில் ஜெலட்டினும் சேர்ந்திருக்கலாம். எனவே முட்டையும் தவிர்க்கப்பட வேண்டிய நாட்களைத் தேதியோடு எழுதி, உணவுக்கூட மேலாளருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். ஹலால் உணவுக்குத் தனிப் பாத்திரம் வைக்கும் சமையலறைகளுக்கு இது புதிய கோரிக்கையாக இராது. டர்பனிலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவில் இருக்கப்போகிறவள் அவள். அந்த மின்னஞ்சலைத் தாங்கள் எழுதாமல் அவளையே எழுத விடுங்கள்.