சத்தம் தாங்க முடியவில்லை, என்ன செய்யலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

குடியிருப்புகளில் சத்தம் பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தூக்கம் போனதைப் பற்றியவை. படிக்கப் படிக்க மனது கனத்துப்போனது. மாதக்கணக்கில் விழித்துக் கிடக்கிறவர்களிடம்கூட "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றுதான் எல்லோரும் சொல்லி அனுப்புகிறார்கள். பல நாடுகளிலிருந்து எழுதியிருக்கிறீர்கள் என்பதால் எந்த விதி எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், உங்கள் நகராட்சியின் விதியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேல்வீட்டில் இரவு 11 மணிக்கு மேல் பாட்டு. என் படுக்கையறையில் ஃபோன் ஆப் வைத்துப் பார்த்தால் 58 டெசிபல் காட்டுகிறது. இரவில் 45தான் அனுமதி என்று படித்தேன். இந்த ஸ்கிரீன்ஷாட் போதுமா?

பதில்: போதாது. ஆனால் உங்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

நீங்கள் படித்த 45 அநேகமாக இந்தியாவின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ள எண். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. இது அந்தப் பகுதியின் சுற்றுப்புறத்துக்கான அளவு, உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் எடுக்கும் அளவு அல்ல. அதோடு, அளவை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் கொடுக்கலாம் என்று அதே விதி சொல்கிறது. இரவு நேரக் கட்டுப்பாடுகளை மீறினாலும் புகார் கொடுக்கலாம் என்று இன்னொரு வழியும் அதிலேயே இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை.

இங்கிலாந்தில் வேறு கணக்கு. அங்கே 1996ஆம் ஆண்டின் ஒலிச் சட்டம் இரவு 11 முதல் காலை 7 வரைக்குமானது, புகார் கொடுப்பவரின் வீட்டுக்குள்ளேயே வந்து அளக்கிறார்கள். அந்தச் சத்தம் இல்லாதபோது வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று முதலில் பார்க்கிறார்கள். அது 24 டெசிபலுக்குள் இருந்தால் அனுமதி 34தான், அதற்கு மேல் இருந்தால் அந்த அளவோடு 10 கூட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த முறைதான் நியாயமாகப் படுகிறது. ஏற்கெனவே இரைச்சலான தெருவில் தெரியாத சத்தம், நிசப்தமான வீட்டில் ஆளை எழுப்பி உட்கார வைத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 1999இல் கொடுத்த வழிகாட்டுதலும் வீட்டுக்குள் பார்த்துச் சொன்னதுதான்: படுக்கையறையில் சராசரி 30, திடீரென்று எழும் ஒற்றைச் சத்தம் 45ஐத் தாண்டக் கூடாது.

சரி, ஆப் விஷயத்துக்கு வருவோம். ஃபோனின் மைக் பேச்சுக்காகச் செய்தது. அதிகாரி கொண்டுவரும் கருவியை அளவெடுப்பதற்கு முன் சரிபார்த்துக்கொள்வார்கள், உங்கள் ஃபோனுக்கு அந்தச் சோதனை நடப்பதில்லை. சுவரை ஒட்டி வைத்தால் எதிரொலியும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். அதனால் அந்த 58ஐச் சாட்சியாக வைக்காதீர்கள், ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஃபோன், ஒரே இடம், பாட்டு ஓடும்போது ஒரு முறை, நின்ற பிறகு ஒரு முறை. வித்தியாசம் 10 இருந்தால் அது சின்ன விஷயமல்ல. டெசிபல் நம் சாதாரணக் கூட்டல் போல ஏறுவதில்லை, 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும்.

இதையெல்லாம்விட உங்களுக்கு உதவப்போவது ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, தொடங்கிய நேரம், நின்ற நேரம், என்ன சத்தம், எந்த அறையில் கேட்டது, ஜன்னல் திறந்திருந்ததா, அதனால் என்ன ஆனது (குழந்தை எழுந்தது, நீங்கள் மூன்று மணிக்குத்தான் தூங்கினீர்கள்). இரண்டு வாரம் விடாமல் எழுதுங்கள். "தினமும் ராத்திரி பயங்கர சத்தம்" என்று எழுதிய மனுவை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. "14 நாளில் 9 நாள், 11.10 முதல் 12.40 வரை" என்று எழுதியதை ஒதுக்கித் தள்ளுவது கஷ்டம். அதிகாரி எந்த நாளில், எந்த நேரத்தில் வந்தால் சத்தம் பிடிபடும் என்பதும் அதிலிருந்துதான் தெரியும்.

கேள்வி: அளக்க ஆள் வந்தார்கள், அளவுக்குள்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டு ஸ்பீக்கரின் "தும் தும்" என் நெஞ்சுக்குள் அடிக்கிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. நான்தான் மிகைப்படுத்துகிறேனா?

பதில்: இல்லை அம்மா, நீங்கள் மிகைப்படுத்தவில்லை. பெரும்பாலான விதிகள் "ஏ" என்ற அளவுகோலில் எழுதப்பட்டவை. மனிதக் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் குறைவாகக் கேட்கும் என்பதால் அந்த அளவுகோல் அவற்றைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) அதிரும் 63 ஹெர்ட்ஸ் அளவில், அதாவது நொடிக்கு 63 அதிர்வு உள்ள ஒலியில் மட்டும் சுமார் 26 டெசிபல் கழிந்துவிடுகிறது. சுவரோ நேர் எதிராக வேலை செய்கிறது. பாட்டின் குரலையும் மேல் ஸ்வரங்களையும் தடுத்துவிட்டு அந்தத் தாழ்ந்த அதிர்வை மட்டும் உங்களிடம் அனுப்பிவைக்கிறது.

அடுத்த முறை வரும்போது, தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாகக் கழிக்காத "சி" அளவுகோலிலும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி என்று அதிர்வெண் வாரியாகப் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்பது ஒன்றும் புதுமையல்ல. நியூயார்க் நகரின் ஒலி விதியில், கடைகளிலும் கிளப்களிலும் போடும் இசைக்கு, பக்கத்து வீட்டுக்குள் அளந்தால் 42 டெசிபல் என்ற பொது வரம்போடு 63 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகளுக்குத் தனி வரம்பும் உண்டு. உங்கள் நகரில் அப்படி ஒரு வரி இல்லையென்றால் அதைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்றே சொல்வேன்.

பக்கத்து வீட்டாரிடம் பேசும் நிலைமை இருந்தால் இன்னொன்று: சப்வூஃபரைப் பொதுச் சுவரின் மூலையிலிருந்து எடுத்து நகர்த்தி, கீழே கனமான ரப்பர் மெத்தை வைத்து, இரவில் பேஸ் மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். பாட்டை நிறுத்துங்கள் என்று கேட்டால் வரும் கோபம் இதற்கு வராது.

கேள்வி: இரவுக்குத்தான் விதியா? பகலில் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?

பதில்: செய்யக் கூடாது. ஜெர்மனியில் 2002 முதல் உள்ள விதிப்படி குடியிருப்புப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களிலும் நாள் முழுக்கப் புல்வெட்டும் இயந்திரம் ஓட்ட முடியாது, மற்ற நாட்களில் இரவு 8 முதல் காலை 7 வரை முடியாது. இலைகளை ஊதித் தள்ளும் இயந்திரத்துக்குச் சாதாரண நாளிலேயே காலை 9 முதல் 1 வரை, மாலை 3 முதல் 5 வரை மட்டும்தான் அனுமதி. ஆனால் ஒரு குறை எல்லா இடத்திலும் இருக்கிறது: இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கும் நர்ஸ்களையும் காவலாளிகளையும் இந்த நேரக் கணக்குகள் பாதுகாப்பதில்லை. உங்கள் கட்டடத்தில் அப்படி ஒருவர் இருந்தால் ட்ரில்லிங் வேலையை மதியத்துக்குத் தள்ளி வையுங்கள், சட்டம் கேட்காவிட்டாலும்.

கேள்வி: மேல்வீட்டுக் குழந்தை ஓடிக்கொண்டே இருக்கிறது. நாற்காலி இழுக்கிற சத்தம் வேறு. இதற்குச் சட்டம் உண்டா? கேட்டால் "குழந்தையைக் கட்டிப் போடவா" என்கிறார்கள்.

பதில்: இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. குடும்பங்கள் பேச்சுவார்த்தையே இல்லாமல் பிரிந்து போவதும் இதில்தான்.

தென்கொரியாவில் மாடிகளுக்கு இடையிலான சத்தத்துக்கென்றே அளவு வைத்திருக்கிறார்கள். ஓடுவது, குதிப்பது போன்ற நேரடி அதிர்வுக்கு முன்பு பகலில் 43, இரவில் 38 என்று இருந்ததை, மக்கள் படும் பாட்டைப் பார்த்து 2023 தொடக்கத்தில் 39 ஆகவும் 34 ஆகவும் குறைத்தார்கள். இதற்கு நேர்மாறாக, ஜெர்மனி 2011இல் சட்டத்தைத் திருத்தி, குழந்தைகள் காப்பகங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் குழந்தைகள் போடும் சத்தத்தைப் பொதுவாகத் தீங்கான இரைச்சலாகக் கருதக் கூடாது என்றது. இரண்டுமே எனக்கு நியாயமாகத்தான் தெரிகிறது. குழந்தை விளையாடுவது தவறில்லை. தளம் மெல்லியதாக இருப்பது கட்டியவரின் குறை, அதை இரண்டு குடும்பங்கள் சுமக்கின்றன.

நானும் இப்படி ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நாலு வருஷம் இருந்தேன். உச்சிக்கு மேலே குதிகால் விழும் அந்தத் "திம்" சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு படுத்திருப்பேன், சத்தம் வராத நேரத்திலும் தூக்கம் வராது. கீழே இருந்து என்ன செய்தாலும் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் அதிர்வு தளத்திலிருந்து சுவர் வழியாகவும் இறங்கிவிடும். சரிசெய்ய வேண்டியது மேலே. ஓடுகிற வழியில் தடிமனான கார்பெட், அதன் அடியில் ரப்பரோ ஃபெல்ட்டோ, நாற்காலிக் கால்களுக்கு ஒட்டுகிற பஞ்சு. கடைசியில் பாதிச் செலவை நானே தருகிறேன் என்று சொன்னேன், மேல்வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே வாங்கிப் போட்டார். முழுக்க நிற்கவில்லை, ஆனால் தூங்க முடிந்தது.

கேள்வி: பூட்டிய வீட்டில் நாய் குரைத்துக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு நேரம் குரைத்தால் அதிகம்?

பதில்: நியூயார்க்கில் பகலில் தொடர்ந்து 10 நிமிடம், இரவு 10 முதல் காலை 7 வரை என்றால் 5 நிமிடம். உங்கள் ஊரில் எண் இல்லாவிட்டாலும் இதை ஒரு கணக்காக வைத்துக்கொள்ளலாம். ஆனால் புகாருக்கு முன்னால் உரிமையாளரிடம் சொல்லுங்கள். அவர் வெளியே போன பிறகுதான் தனிமை தாங்காமல் நாய் குரைக்கிறது என்றால், அவருக்கு அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. குரைப்பைப் பதிவுசெய்து அனுப்புங்கள்.

கேள்வி: முப்பது வருஷமாக இதே இடத்தில் பட்டறை நடத்துகிறோம். போன வருஷம் குடிவந்தவர் புகார் கொடுக்கிறார். முன்னால் வந்தவர்கள் நாங்கள்தானே?

பதில்: அந்த வாதத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். லண்டனில் ஒரு மிட்டாய் தயாரிப்பாளர் 20 வருஷத்துக்கும் மேலாகப் பெரிய உரல்களில் இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மனையில் இருந்த மருத்துவர் பிற்பாடு அந்தச் சுவரை ஒட்டி நோயாளிகளைப் பார்க்கும் அறையைக் கட்டிவிட்டு, சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டார். 1879இல் மருத்துவர் பக்கம்தான் தீர்ப்பு. ஆங்கிலேயச் சட்ட வழி வந்த நாடுகளில் அதை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். பிரான்ஸ் வேறு வழியில் போயிருக்கிறது. கிராமப்புறத்தின் ஒலிகளையும் வாசனைகளையும் காக்க வேண்டிய செல்வமாக 2021இல் சட்டத்தில் சேர்த்தார்கள். ஏற்கெனவே முறைப்படி நடந்துவரும் தொழிலின் மேல் பின்னால் வந்தவர் பொதுவாக இழப்பீடு கேட்க முடியாது என்று 2024இல் இன்னொரு சட்டமும் வந்தது. உங்கள் பகுதி குடியிருப்பா, தொழிற்பகுதியா என்று திட்ட வரைபடத்தில் பாருங்கள், அனுமதிப் பத்திரத்தில் எழுதியுள்ள நேரத்துக்குள்தான் இயந்திரம் ஓடுகிறதா என்று பாருங்கள். முப்பது வருஷத்தில் புது இயந்திரம் எதையாவது சேர்த்திருந்தால் அங்கேதான் சிக்கல் வரும்.

கேள்வி: பொறுக்க முடியாமல் நானும் பதிலுக்குச் சுவரில் தட்டுகிறேன். தவறா?

பதில்: நிறுத்திவிடுங்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் வழக்கே உங்கள் மேல் திரும்பிவிடும். 1893இல் இங்கிலாந்தில், பக்கத்து வீட்டு இசை ஆசிரியையின் பாடங்கள் பொறுக்காமல் ஒருவர் தட்டுகளைத் தட்டியும் விசில் அடித்தும் சுவரில் தட்டியும் பழிவாங்கினார். இசைப் பாடத்தில் நீதிமன்றம் குறை காணவில்லை. வேண்டுமென்றே தொல்லை கொடுத்ததற்காக அவருக்குத்தான் தடை போட்டது.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒலி விதி எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எப்படி ஆரம்பிக்க?

பதில்: "அதிகச் சத்தம் கூடாது" என்ற வரியை மட்டும் எழுதாதீர்கள், அதை வைத்து ஒருவரையும் கேள்வி கேட்க முடியாது. நேரங்களை எழுதுங்கள்: ட்ரில்லிங், இடிப்பு எந்த நாளில் எத்தனை மணி வரை, அதற்கு எத்தனை நாள் முன்னால் நோட்டீஸ், ஜெனரேட்டர் சோதனை எப்போது, பொது அரங்கில் ஸ்பீக்கர் எத்தனை மணிக்கு நிற்கும். தண்ணீர்க் குழாய் உடைந்தது போன்ற அவசர வேலைக்கு விலக்கு கொடுங்கள். நகராட்சி விதியைவிடக் கடுமையாக வைக்கலாம், அதைத் தளர்த்தும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. இரவு 11 மணிக்குப் புகார் வந்தால் யார் ஃபோனை எடுப்பது என்பதையும் எழுதிவிடுங்கள், பெரும்பாலான சங்க விதிகளில் இல்லாமல் போவது இந்த ஒரு வரிதான். அப்புறம், எழுத்துப் புகாருக்கு முன்னால் ஒரு படி வையுங்கள். சத்தம் போடுகிறவர் பகல் நேரத்தில் புகார் சொன்னவரின் படுக்கையறைக்கு வந்து ஐந்து நிமிடம் நிற்க வேண்டும், அந்த நேரம் அவர் வீட்டிலிருந்து ஒருவர் மேலே வழக்கம் போல நடக்கட்டும், பாட்டுப் போடட்டும். தன் வீட்டுச் சத்தம் கீழே எப்படிக் கேட்கிறது என்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரியவரும்.