தடுப்புத் தகடா, திருப்புத் தகடா?

கேள்வி: கலவைத் தொட்டியின் உட்சுவரில் பொருத்தப்படும் 'பாஃபிள்' என்னும் தகட்டை ஒரு தொழில்நுட்பக் கையேட்டில் 'தடுப்புத் தகடு' என்று எழுதியிருக்கிறார்கள். அது திரவத்தின் போக்கை மாற்றுகிறதே தவிரத் தடுத்து நிறுத்துவதில்லையே! பிற மொழிகளில் இதற்கு என்ன பெயர்? தமிழில் எதைச் சொல்வது? 'வால்வு', குளியலறையில் உள்ள 'டைவர்ட்டர்' ஆகியவற்றுக்கும் இதே சொல் பொருந்துமா?

பதில்: நியாயமான ஐயம். ஜப்பானியர் இதனை 'ஜாமா இத்தா', அதாவது 'இடைஞ்சல் பலகை' என்கிறார்கள். சீன மொழியில் 'தாங்பான்' என்றால் மறிக்கும் தகடு. ஜெர்மானியரோ பாஃபிள் தகடுகளுக்குப் பொதுவாக 'லைட்பிளெஹ்' (வழிநடத்தும் தகடு), 'உம்லெங்க்பிளெஹ்' (திருப்பிவிடும் தகடு) என்று ஓட்டத்தின் பக்கம் நின்று பெயரிடுகிறார்கள். பிரெஞ்சில் வழங்கும் 'ஷிகான்' என்ற சொல்லையே, கார்ப் பந்தயப் பாதையில் வேகத்தைக் குறைக்க அமைக்கும் நெளிவுக்கும் சொல்கிறார்கள்.

எந்தப் பார்வை சரி என்பதைத் தொட்டிக்குள்ளேயே பார்க்கலாம். தகடு இல்லாத உருளைத் தொட்டியின் நடுவே துடுப்பு சுழன்றால், திரவம் முழுவதும் ஒரே திசையில் சுற்றி, நடுவில் குழிந்து சுழி விழுமே தவிர, மேலே இருப்பது கீழே இருப்பதோடு சரியாகக் கலக்காது. தொட்டி விட்டத்தில் ஏறக்குறைய 10-இல் ஒரு பங்கு அகலமுள்ள 4 தகடுகளைச் சுவரோரம் செங்குத்தாக நிறுத்திவிட்டால், சுற்றி வரும் திரவம் அவற்றில் மோதி மேலும் கீழுமாகத் திரும்புகிறது. சுழி மறைந்து கலப்பு நடக்கிறது. ஆக, இங்கே தடுக்கப்படுவது சுழற்சி, திரவம் அன்று. எனவே கையேட்டின் சொல்லை முற்றிலும் பிழை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

வெப்பப் பரிமாற்றிக் கலனில், அதாவது குழாய்களுக்குள் ஓடும் திரவத்துக்கும் வெளியே ஓடும் திரவத்துக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் கலனில், நிலைமை வேறு. அங்கே திரவம் குழாய்களுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து பாய வேண்டும் என்பதற்காகவே தகடுகளை வைக்கிறார்கள். அங்கே 'திருப்புத் தகடு' என்பதே பொருந்தும்.

'வால்வு' தனி வகை. கதவின் மடிப்புப் பலகையைக் குறித்த 'வால்வா' என்னும் லத்தீன் சொல்லில் பிறந்த அது, திறப்பதும் மூடுவதுமான கருவிக்கு உரியது. இதயத்தின் 'ஈரிதழ் வால்வு' என்ற பெயரில் உள்ள 'இதழ்' அந்தக் கதவுப் பலகையை அழகாக நினைவூட்டுகிறது.

கைப்பிடியைத் திருப்பியதும், கீழ்க்குழாயில் விழுந்த நீரை மேலே உள்ள பூவாளிக்கு ஏற்றும் 'டைவர்ட்டர்' என்னும் குளியலறைக் கருவி நீரை நிறுத்துவதும் இல்லை, வளைப்பதும் இல்லை. ஒரு வழியை அடைத்து மறு வழியைத் திறக்கிறது. வயலுக்கு நீர் பாய்ச்சுவோர் 'மடையைத் திருப்புவது' என்று சொல்லும் வேலை இதுதான். நிதி வேறு செலவுக்குப் போனால்கூட 'மடைமாற்றம்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அந்தக் கருவிக்கு 'மடைமாற்றி' என்று தயங்காமல் எழுதுங்கள்.